மீனில்லாத தொட்டிக்குத் தீனி

கண்ணாடிக்கடைக்காரர் எதற்கும் காத்திருந்து பழக்கப்பட்டவர் அல்ல. தொழில் அப்படி. அளவெடுத்து, கட்டரின் முனையைக் கண்ணாடிமேல் அழுத்தி ஒரே கோடு, மேசை விளிம்பில் வைத்து ஒரு தட்டு, இரண்டு துண்டு. அதே கோட்டை இரண்டாம் முறை இழுத்தால் கண்ணாடி தன் இஷ்டத்துக்கு உடையும் என்பதால், யோசிக்கிறவர்களுக்கு அந்த வேலை ஒத்துவராது. அவர் யோசிக்காமலேயே பல வருஷமாக நன்றாகப் பிழைத்துவந்தார். தலை துவட்டும்போதே சட்டையை மாட்டிக்கொள்வார், வாயில் கவளத்தோடு கை கழுவப் போய்விடுவார் என்று அவர் மனைவி சொல்வதில் கொஞ்சம் மிகை உண்டு, நிறைய இல்லை.

பொறாமையில் மட்டும் அவருக்கு அவசரமே கிடையாது. நிதானமாக, ரசித்து, அடிமேல் அடி வைத்துப் பொறாமைப்படுவார். அதற்குத் தோதாக மாடியிலேயே ஓர் ஆள் குடியிருந்தார்: மனைவியின் தங்கை கணவர், அதாவது சகலை. சகலை ஒரு பல் மருத்துவருக்குச் செயற்கைப் பற்கள் செய்துகொடுப்பவர். நாள் முழுக்க ஒரு கடைவாய்ப் பல்லை வைத்துக்கொண்டு அரத்தால் ராவி ராவிப் பார்க்கிற வேலை. நேரில் அவரைத் "தம்பி" என்றும், கதவைச் சாத்தியபின் "பல்செட்டு" என்றும் கடைக்காரர் அழைத்துவந்தார்.

பல்செட்டு ஒரு மீன்தொட்டி வாங்கும்வரை இந்தப் பொறாமைக்குக் குறிப்பிட்ட காரணம் எதுவும் இல்லை. சகலை என்பதே போதுமானதாக இருந்தது.

கடைக்காரரின் மனைவிக்குத் தபால் அலுவலகத்தில் கவுண்டர் வேலை. சாயங்காலம் வீடு திரும்பியதும் டீ போடுவாள். கடை, வீட்டின் முன்பகுதியிலேயே என்பதால் அவரும் உள்ளே வந்து உட்காருவார். யார் தபால்தலையை நாக்கால் நக்காமல் கவுண்டர் மேசையெல்லாம் பசையாக்கினார், யார் விலாசமே எழுதாமல் கடிதத்தைப் போட்டுவிட்டு, போய்ச் சேரவில்லை என்று சண்டைக்கு வந்தார் என்று அவள் சொல்லச் சொல்ல, அவர் அரைக்காதால் கேட்டுக்கொண்டு கண்ணாடி அளவுகளை மனத்தில் கூட்டிக்கொண்டிருப்பார். மாடியில் மீன் வந்த வாரத்திலிருந்து அவள் டீக் கோப்பையோடு படியேறத் தொடங்கினாள். தங்கையும் தானுமாக மீன் பார்த்துக்கொண்டே குடித்தார்கள். கவுண்டர் கதைகளும் மாடிக்குப் போய்விட்டன. அரைக்காதால் கேட்டது எவ்வளவு என்பது, அது நின்றபின்தான் கடைக்காரருக்குத் தெரிந்தது. தலைக்குமேல் சிரிப்புச் சத்தம் கேட்கும். கீழே அவர் தனியாக டீ குடிப்பார். டீ ஒரு மடக்கில் முடிந்துவிடும்.

திரும்பி வருகிறவள் சும்மா வரமாட்டாள்.

"இன்னைக்குத் தொட்டித் தண்ணிய மாத்தினாரு. ஒரு மீன்கூடப் பதறல. என்ன பொறுமைங்க அந்த மனுஷனுக்கு!"

"பல்லு செய்யிறவன் எதுக்கு அவசரப்படணும்? பல்லு என்ன எழுந்தா ஓடப்போகுது?"

"கண்ணாடியும்தான் ஓடாது. நீங்க ஏன் ஓடுறீங்க?"

இதற்குப் பதிலாகக் கடைக்காரர் ஒரு மீன்தொட்டி செய்ய முடிவெடுத்தார். அவள் வாயால் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, 'என்ன பொறுமை' என்பது தம்மைக் குறித்து வரவேண்டும். டீக் கோப்பை கீழேயே இருக்கவேண்டும். வேறு ஆசை இல்லை.

மாடித் தொட்டியைப் பார்க்காமலேயே அதைப்போல இரண்டு மடங்கு என்று தீர்மானித்தார். கனமான கண்ணாடி, ராவி மழுமழுப்பாக்கிய விளிம்பு, மூலைகளில் நூல் பிடித்ததுபோல் கருப்பு சிலிக்கான் பசை. ஹாலில் வைத்துத் தண்ணீர் நிரப்பி, ஒழுகுகிறதா என்று ஓர் இரவு காத்திருந்தார். அவர் கணக்கில் அது தவம். காலையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. துணியால் நாலு பக்கமும் துடைத்துவிட்டு நேராக வண்ணமீன் கடைக்குப் போனார்.

அந்தக் கடையின் அம்மாள் வலையைக் கையில் எடுத்தவள், கேள்வி கேட்கத் தொடங்கினாள்.

"தொட்டி புதுசா?"

"என் கையால செஞ்சது."

"தண்ணி?"

"அதுவும் புதுசுதான். நேத்து ஊத்தினது. பளிங்கு மாதிரி இருக்கு."

வலையைத் திரும்ப ஆணியில் மாட்டினாள். "அப்ப மீன் கிடையாது."

"விக்கத்தானே கடை வச்சிருக்கீங்க?"

"விக்கத்தான். அடுத்த வாரம் செத்த மீனைப் பையில போட்டுக்கிட்டு வந்து என்கிட்டயே சண்டை போடுவீங்க. தண்ணி பழுக்கட்டும், அப்புறம் வாங்க."

தண்ணீர் பழுப்பது என்றால் என்ன என்று அவள் சொன்னதைக் கடைக்காரர் நம்பவில்லை, ஆனால் மறக்கவும் இல்லை. மீனின் கழிவிலிருந்து அமோனியா வரும். அது மீனுக்கே விஷம். அதைத் தின்ன ஒரு கிருமி உண்டு. தின்றுவிட்டு அது வெளியே விடுவது நைட்ரைட், அதுவும் விஷம். அதைத் தின்ன இன்னொரு கிருமி உண்டு. அது விடுவது நைட்ரேட், அதை மட்டும் மீன் தாங்கிக்கொள்ளும். இந்த இரண்டு கிருமிகளும் வடிகட்டியின் ஸ்பாஞ்சில் குடியேறிப் பெருகவேண்டும். யாரும் கூப்பிட்டு வராது, தானாக வரும், வாரக்கணக்கில் ஆகும். அதுவரை தினமும் ஒரு சிட்டிகை மீன்தீனியைப் போட்டுத் தண்ணீரில் அழுகவிட வேண்டும். கிருமிக்கு அதுதான் சாப்பாடு. சோதிக்கக் குப்பி மருந்து உண்டு: தொட்டித் தண்ணீரில் சொட்டுவிட்டால் அமோனியா இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் மஞ்சள்.

ஆக, மீன் வாங்கப் போனவர் வடிகட்டியும் தீனியும் குப்பிகளும் வாங்கிக்கொண்டு வந்தார். உலகத்தில் மீனை வாங்கித் தீனி போடாதவர்கள் உண்டு. தீனி வாங்கி மீன் போடாதவர் அந்தத் தெருவில் அவர் ஒருவர்தான்.

"யாருக்குப் போடுறீங்க?" என்றாள் மனைவி, அன்றைய சிட்டிகை விழுவதைப் பார்த்து.

"கிருமிக்கு."

"கிருமி எங்க?"

"இன்னும் வரல."

அவள் கோப்பையை எடுத்துக்கொண்டு வழக்கத்தைவிட வேகமாகப் படியேறினாள். சிரிப்பு அன்று கூரையைத் தாண்டிக் கேட்டது.

கொஞ்ச நேரத்தில் அவள் திரும்பி வந்து சமையலறைக்குள் போனாள்; பின்னாலேயே பல்செட்டும் இறங்கி வந்தார். தொட்டியைச் சுற்றி வந்து, மூலைப் பசையை விரலால் தொட்டுப் பார்த்தார். அவர் விரல்பட்ட இடத்தைக் கடைக்காரர் உடனே துடைத்தார்.

"அருமையா செஞ்சிருக்கீங்கண்ணே. இனி பொறுமைதான் வேணும்."

அந்தச் சொல்லை அவர் வாயால் கேட்டது கடைக்காரருக்குச் சுருக்கென்றது.

"என் வடிகட்டி ஸ்பாஞ்சுல ஒரு துண்டு வெட்டித் தரட்டுமா? கிருமியெல்லாம் அதுலதான் இருக்கு. அதைப் போட்டா உங்களுக்குப் பாதி நாள் மிச்சம். ஆனா ஒண்ணு, அதை அப்படியே—"

"வேணாம் தம்பி. எனக்கு என்ன அவசரம்?" என்றார் கடைக்காரர், பேச்சை வெட்டி. சமையலறையில் பாத்திரம் ஒன்று கீழே விழுந்தது. மனைவி காதில் விழுந்துவிட்டது என்று பொருள்.

தண்ணீர் பழுக்கவில்லை. வந்த வாரமும் பச்சை, போன வாரமும் பச்சை. அழுகும் தீனியில் தண்ணீருக்கு லேசாக ஒரு நாற்றம் வந்தது. கடைக்கு வருகிறவர்கள் உள்ளே எட்டிப் பார்த்து, "மீன் ஒளிஞ்சிருக்கா?" என்றார்கள். "ஆமா, வெட்கப்படுது" என்று சொல்லப் பழகிக்கொண்டார்.

ஒருநாள், எதிரியின் பலம் தெரியாமல் போரிடக் கூடாது என்று மாடிக்குப் போனார். ஏதோ கதவுக் கண்ணாடியைப் பார்க்க வந்ததாகச் சாக்கு. பல்செட்டின் தொட்டி சின்னது. விளிம்பில் பசை வழிந்து காய்ந்திருந்தது. ஒரு மூலை சதுரமாகவே இல்லை. அவருக்கு நெஞ்சு குளிர்ந்தது. அதற்குள் கொழுந்தியாள் தீனி டப்பாவைத் திறந்தாள். ஒரு குண்டுச் சிவப்பு மீன் மற்றவற்றை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்து, கண்ணாடியில் முட்டி, தீனி விழுமுன்பே வாயைத் திறந்தது.

"இதுக்கு அக்கா வச்ச பேரு என்ன தெரியுமா மாமா? அவசரக்குடுக்கை!" என்று சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

வீட்டில் அவருக்கு வழங்கிவந்த பட்டம் அது. இதுவரை சகலைமேல் மட்டும் இருந்த பொறாமை, இப்போது ஒரு மீன்மேலும் விழுந்தது. அவர் பெயரை வைத்துக்கொண்டு, அவர் மனைவியின் எதிரே, அவருக்குக் கிடைக்காத சாயங்காலத்தை அது அனுபவித்துக்கொண்டிருந்தது.

இந்த நிலைமையில்தான் மாடிவீட்டார் இரண்டு நாள் உறவினர் வீட்டுக்குப் போனார்கள். சாவி மனைவியிடம், ஆனால் காலையில் அவள் வேலைக்கு ஓடவேண்டும்.

"காலைத் தீனி நீங்க போடுங்க. ஒரு சிட்டிகை. உங்க அவசரத்துல டப்பாவைக் கவுத்துறாதீங்க."

அவர் டப்பாவைக் கவிழ்க்கவில்லை. ஒரே ஒரு சிட்டிகைதான் போட்டார். அவசரக்குடுக்கைக்குப் போய்ச் சேராத மூலையாகப் பார்த்துப் போட்டார். பிறகு வடிகட்டியை வெளியே எடுத்து, சட்டைப் பையில் கொண்டுவந்திருந்த பிளேடால் ஸ்பாஞ்சில் ஒரு துண்டை வெட்டினார். கேட்டால் கிடைத்திருக்கும். கேட்டால், மனைவி ஆயுசுக்கும் 'அவரு குடுத்தது' என்பாள். எடுத்தால் அந்தத் தொல்லை இல்லை.

கீழே கொண்டுவந்து வெளிச்சத்தில் பார்த்தார். பழுப்பு நிறம், வழவழப்பு, சேற்று வாடை. தமது கண்ணாடியில் ஒரு விரல்ரேகையைக்கூட விட்டுவைக்காதவர் அவர். அடுத்தவன் வீட்டு அழுக்கை, அதுவும் பல்செட்டு வீட்டு அழுக்கை, இந்தத் தண்ணீரில் போடுவதா? குழாயைத் திறந்துவிட்டு, பிழிந்து, அலசி, மறுபடி பிழிந்து, தண்ணீர் தெளிவாக வடியும்வரை விடாமல் கசக்கினார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வேலையைப் பொறுமையாகச் செய்தார். ஸ்பாஞ்சு கடையில் வாங்கிய அன்று இருந்ததைப்போல ஆனது. அதைத் தம் வடிகட்டிக்குள் சொருகிவிட்டு, மறுநாளே மஞ்சள் தெரியும் என்று காத்திருந்தார்.

பச்சைதான் தெரிந்தது.

திரும்பி வந்த மாடிவீட்டார் ஸ்பாஞ்சைப் பார்த்துவிட்டார்கள். கொழுந்தியாளின் குரல் படிக்கட்டு வழியாகத் தெளிவாக இறங்கியது.

"எலி கடிச்சிருக்கோ?"

"எலி ஸ்கேல் வச்சுக் கடிக்காதும்மா" என்றது பல்செட்டின் குரல்.

மனைவி நிமிர்ந்து கணவனைப் பார்த்தாள். பிறகு தொட்டியைப் பார்த்தாள். எழுந்துபோய் வடிகட்டியை எடுத்து, துண்டை வெளியே உருவினாள். நாலு பக்கமும் நூல் பிடித்த நேர்க்கோடு. அந்தக் கட்டடத்தில் அப்படி வெட்டத் தெரிந்தவர் இன்னொருவர் இல்லை.

"கேட்டிருந்தா குடுத்திருப்பாரே."

"அதான் கேட்கல."

"என்ன?"

"அவரு குடுத்தா, நீ அதையும் அவரு பொறுமைன்னு சொல்லுவ." அவசரத்தில் மீதியும் வந்துவிட்டது. "தினமும் கோப்பையைத் தூக்கிட்டு மேல போயிடுற. நான் இங்க சுவத்தைப் பார்த்து டீ குடிக்கிறேன்."

சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார், அவள் சிரிக்கவில்லை. துண்டை அவர் கையில் வைத்து, "போய்க் குடுத்துட்டு வாங்க" என்றாள்.

கடைக்காரர் படியேறிய வேகம் அவர் பெயரைக் கெடுக்கும்படி மெதுவாக இருந்தது. பல்செட்டு தனியாக மொட்டைமாடியில் நின்றிருந்தார். துண்டை வாங்கிப் பார்த்தவர் முதலில் மோந்தார். பிறகு விரலால் பிதுக்கினார்.

"கழுவிட்டீங்களா அண்ணே?"

"சுத்தமா."

"போச்சு. அந்த அழுக்குதாண்ணே கிருமி. குழாய்த் தண்ணியில மருந்து கலந்திருக்கே, அதுல மொத்தமும் செத்திருக்கும். கழுவாம அப்படியே போடுங்கன்னு அன்னைக்கே சொல்ல வந்தேன், நீங்க விடல." சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றார். "திருடினது திருடினீங்க, சரக்கை விட்டுட்டுச் சாக்கை மட்டும் எடுத்துட்டுப் போயிருக்கீங்க!"

கடைக்காரருக்கு அவமானத்தில் காது சூடானது. "உங்களுக்கென்ன தம்பி, பொறுமைசாலி."

சிரிப்பு நின்றது. பல்செட்டு படிக்கட்டுப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"யாரு, நானா? தொட்டி வாங்கின அன்னைக்கே மீனை விட்டவன் நான். பழுக்கணும்னு ஒருத்தர் சொன்னாரு, கேட்கல. எல்லாம் செத்துப்போச்சு. வீட்டுல தெரியாம அதே நிறம், அதே சைசுல வாங்கிப் போட்டேன். அதுவும் செத்துச்சு. இப்ப நீந்துறது மூணாவது செட்டு. நம்ம அக்கா பேரு வச்சாங்களே ஒரு குண்டு மீன், அது ரெண்டு தடவை செத்து மூணு தடவை வந்திருக்கு. பேரு மட்டும்தான் பழசு." கையைப் பிடித்துக்கொண்டார். "அக்காகிட்ட சொல்லிடாதீங்கண்ணே. மானம் போயிடும்."

ஒரு புதிய துண்டை, அழுக்கோடு, பாத்திரத் தண்ணீரில் மிதக்கவிட்டுக் கொடுத்தார். கடைக்காரர் படியிறங்கிய வேகம் இந்தமுறை அவர் பெயரைக் காப்பாற்றியது. பாத்திரம் தளும்பியது. வாய் அதைவிடத் தளும்பியது. பொறுமைசாலியாம்! மூன்றாவது செட்டாம்! ஒரே தட்டு, அந்தப் புகழ் இரண்டு துண்டு.

மனைவி ஹாலில் கோப்பையோடு நின்றிருந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"என்னங்க? திட்டினாரா? ஏன் இப்படி இளிச்சுக்கிட்டு வர்றீங்க? என்ன சொன்னாரு?"

அவள் தம்மை இத்தனை கேள்வி கேட்டு, பதிலுக்காக இப்படி முகத்தையே பார்த்து எவ்வளவோ காலமாகியிருந்தது. கடைக்காரர் திறந்த வாயை மூடினார்.

"ஒண்ணுமில்ல" என்றார்.

அழுக்குத் துண்டை வடிகட்டியில் சொருகினார். துடைக்கும் துணியைத் தேடிய கையை அடக்கினார். அன்று அவள் படியேறவில்லை. எதிர்நாற்காலியில் உட்கார்ந்து, டீயைக் குடித்துக்கொண்டே அவரைக் குறுக்கு விசாரணை செய்தாள். மறுநாள் மேலே போனாள். ஆனால் மீன் பார்க்க அல்ல, துப்பறிய. தங்கைக்கும் எதுவும் தெரியவில்லை. பல்செட்டு, "அண்ணனையே கேளுங்கக்கா" என்று நழுவிவிட்டார். கீழே வந்தபோது அவள் முகம் சிவந்திருந்தது.

"உங்களுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. நாலு வருஷமா அவருக்காகப் பரிஞ்சு பேசுறவ நான். இப்ப என்னை விட்டுட்டு உங்க ரெண்டு பேருக்குள்ள ரகசியமா?"

பொறாமையைப் பற்றி நன்கு அறிந்தவர் என்ற முறையில் கடைக்காரர் அதைப் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் கண்டுகொண்டார். நல்ல முற்றிய ரகம். கொஞ்சம் பாவமாகவும் இருந்தது. அதற்காகச் சொல்லிவிடும் அளவுக்கு இல்லை.

அவள் உத்தியை மாற்றினாள். விசாரணைக்குப் பதில் நயமாகப் பேசிப் பார்த்தாள். நயத்துக்குக் கவுண்டர் கதைகள் தேவைப்பட்டன. பார்சலுக்குள் ஊறுகாய்போல எதையோ வைத்து, அது ஒழுகிப் பக்கத்து மூட்டைகளையெல்லாம் நனைத்தபின், 'உள்ள புத்தகம்தான் இருக்கு' என்று சாதித்த ஓர் ஆளின் கதை பல சாயங்காலங்களுக்கு நீண்டது. கடைக்காரர் இரண்டு காதையும் கொடுத்துக் கேட்டார். இடையில் பச்சை வெளிறி மஞ்சளானது; நைட்ரைட் ஏறி, நின்று, இறங்கியது. தண்ணீர் பழுத்துவிட்டதை, ஆச்சரியம்தான், அவர் இரண்டொரு நாள் தாமதமாகத்தான் கவனித்தார்.

வண்ணமீன் கடை அம்மாள் குப்பியின் நிறத்தைப் பார்த்துவிட்டு மறுபேச்சில்லாமல் வலையை எடுத்தாள். உடம்பில் கோடு ஓடும் சின்ன மீன்கள், ஒரு பை நிறைய இல்லை, ஆரம்பத்துக்குப் போதுமான அளவு. பையைத் தொட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டு, உள்சூடும் வெளிச்சூடும் ஒன்றாகும்வரை இருந்து, மெல்ல விட்டார். மீன்கள் ஒரு கணம் திகைத்து நின்றன. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக அந்தப் பெரிய, நாற்றம் போன, நேரான மூலைகள் கொண்ட வீட்டைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பின.

"பாரு" என்றார் மனைவியிடம். "எப்படி இருக்கு?"

அவள் தொட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மீன் எங்கயும் போயிடாது. இன்னைக்காவது சொல்லப் போறீங்களா இல்லையா?"

சொல்லிவிட்டால் விழுந்து விழுந்து சிரிப்பாள். பல்செட்டின் பொறுமை அன்றோடு அடக்கமாகிவிடும். அப்புறம் என்ன செய்வாள்? அந்த மனுஷனைக் கேலி செய்வதற்காகவே கோப்பையைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடுவாள். நாளைக்கும் ஓடுவாள். கேலிக்கு அவள் கொடுக்கும் ஆயுசு அவருக்குத் தெரியும்.

"நாளைக்குச் சொல்றேன்."

"இதையேதான் தினமும் சொல்றீங்க. கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கீங்க. என்ன ஜென்மமோ நீங்க, இவ்வளவு பொறுமையா!"

கடைக்காரர் டீயை ஊதினார். கேட்க ஏங்கியது இதைத்தான். பாராட்டாக வரும் என்று நினைத்திருந்தார், வசவாக வந்தது. வந்தவரைக்கும் லாபம்.

"அந்தப் பார்சல்காரன் அப்புறம் வந்தானா?" என்றார்.

அவள் முறைத்தாள். பிறகு தாங்க முடியாமல், நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"வராம இருப்பானா? இன்னைக்கு அவன் அம்மாவையும் சேர்த்துக் கூட்டிக்கிட்டு வந்துட்டான்..."